அங்கமுத்துவின் பாதம்

“எந்தப் பாவம் சாமி? பேரைச் சொல்லுங்க.”

கேட்டவன் அங்கமுத்து. மடத்துச் சீடன், சமையல் அவன் பணி. ஐம்பதைத் தாண்டியவன். கையில் துணிமூட்டை.

பீடத்தில் இருந்த குரு அவனைவிட இளையவர்.

“என்ன கேட்கிறீர்?”

“கால் வலிக்குதுன்னு போன மாசம் வந்து அழுதேன். பூர்வ ஜென்மப் பாவம், நின்னுக்கிட்டே ஜெபம் பண்ணினா கரையும்னீங்க. கல்லுத்தரையில வெறுங்காலோட நின்னேன். இப்போ கணுக்கால் உள்பக்கம் கொழுக்கட்டையாட்டம் வீங்கிக் கிடக்கு.”

ஒரு சீடன் களுக்கென்று சிரித்தான்.

“சிரிங்க தம்பி. காலையில நீங்க தின்ன பொங்கலை இந்தக் கால்ல நின்னுதான் கிண்டினேன்.”

சிரிப்பு நின்றது.

“வைத்தியரைப் பார்த்தீரா?” என்றார் குரு.

“பார்த்தேன். ஈரக்காலோட தரையில நிக்கச் சொன்னாரு. தடம் முழுசாப் பதிஞ்சுது. நடுவுல வளைவே இல்ல. தட்டைப் பாதமாம். பொறவியிலயே அப்படியாம். சில பேருக்கு அது ஒண்ணும் பண்ணாதாம். எனக்கு அண்டா தூக்கி, நாள் முழுக்க நின்னு, தசைநார் தளர்ந்துபோச்சாம். வெறுங்காலோட நிக்காதே, வளைவுக்கு அடியில மெத்துனு முட்டுக்கொடு, குதிகாலைத் தூக்கி இறக்கிப் பழகுன்னாரு. பாவம்னு ஒரு வார்த்தை சொல்லல.”

மூத்த சீடன் எழுந்தான். “மடத்துக்குள்ள செருப்பு கூடாது.”

“தெரியும். அதான் கிளம்புறேன்.”

அங்கமுத்து குருவின் பக்கம் திரும்பினான்.

“தினமும் உங்க காலைத் தொட்டுக் கும்பிட்டேன். உங்க சுண்டுவிரல் நகம் வெடிச்சிருக்கு, எனக்குத் தெரியும். என் கால் எப்படியிருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?”

குரு இறங்கினார். அவன் முன்னால் மண்டியிட்டார்.

அங்கமுத்து காலை இழுத்துக்கொண்டான். “வேணாம். நீங்க தொட்டா அதையும் என் பாவக் கணக்குல சேர்த்துருவீங்க.”

“குதிகாலைத் தூக்கும்” என்றார் குரு.

பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினான். தட்டையாய்க் கிடந்த பாதத்தில் லேசாக ஒரு வளைவு எழுந்தது. குரு அதற்கடியில் விரலை நுழைத்துப் பார்த்தார். வெகுநேரம் விரலை வெளியே எடுக்கவில்லை.

பிறகு கையை நீட்டிப் பீடத்துக் கம்பளியை உருவினார். பக்கத்துப் பழத்தட்டில் இருந்த கத்தியை எடுத்தார்.

“சாமி!” மூத்த சீடன் அலறினான். “அது உங்களுக்கு முந்தி பீடத்துல இருந்த பெரியவங்க உட்கார்ந்த கம்பளி!”

“அசையாதீர்” என்றார் குரு, அங்கமுத்துவிடம். “அளவு தப்பிவிடும்.”

அறுத்தார். மடித்து அடியில் வைத்தார். மேல்துண்டைக் கிழித்துக் கட்டினார்.

அங்கமுத்து காலை ஊன்றிப் பார்த்தான். முகம் இளகவில்லை.

“இடது காலும் தட்டைதான் சாமி.”

குரு மீதிக் கம்பளியை இழுத்தார்.