புதுசு என்று ஒட்டிய பெட்டி

ஒரு பொருள் எந்த நொடியில் பழையதாகிறது? விற்றவரைக் கேட்டால் ஒரு பதில், வாங்கியவரைக் கேட்டால் இன்னொரு பதில். மதுரையில் ஒரு மாலின் இரண்டாம் மாடியில், வீடியோ கேம் விற்கும் கடையில், இந்தக் கேள்வியால் ஒரு பெண்ணின் வேலையே ஊசலாடியது. நிதானமாகக் கேளுங்கள், கடைசியில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

பெண்ணின் பெயர் செலின். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். ஆறாம் மாதம் முடிந்தால் நிரந்தரக் கடிதம் வரும். அதை நம்பித்தான் தூத்துக்குடியிலிருந்து அம்மாவை அழைத்துவந்து நரிமேட்டில் வீடு பிடித்திருந்தாள்.

அந்தக் கடையின் வழக்கம் கொஞ்சம் விசித்திரமானது. புது கேம் வந்ததும் ஒரே ஒரு பெட்டியின் பிளாஸ்டிக் உறையைப் பிரிப்பார்கள். டிஸ்க்கை மேசை இழுப்பறையில் பூட்டிவிட்டு, வெறும் பெட்டியை அலமாரியில் பார்வைக்கு வைப்பார்கள். திருடன் தூக்கிக்கொண்டு ஓடினாலும் காற்றைத்தான் கொண்டு போவான். இது தலைமை அலுவலகத்தின் உத்தரவு. பூட்டிய டிஸ்க்கை ஊழியர்கள் வீட்டுக்கு எடுத்துப்போய் ஆடிப் பார்க்கலாம். விளையாட்டு தெரிந்தால்தானே விற்க முடியும்? கரும்பு தின்னக் கூலியா என்று செலினுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் கல்லாவுக்குப் பின்னால் ஒரு பலகை தொங்கியது: 'உறை பிரித்த டிஸ்க் பழைய சரக்கு. முழு விலைக்குத் திருப்பி எடுக்கமாட்டோம்.'

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கப்பல் விளையாட்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோனாள். டிஸ்க்கோடு ஒரு சீட்டும் இருந்தது. அந்தக் கால ரீசார்ஜ் கார்டு மாதிரி வெள்ளிப் பூச்சைச் சுரண்டினால் ஓர் எண் தெரியும்; அதைப் போட்டால் சிவப்புக் கப்பல் ஒன்று கிடைக்கும். ஒரு முறைதான் செல்லும். பார்வைக்கு வைத்த சரக்கை யார் விற்கப்போகிறார்கள் என்று நினைத்தாள். கை சும்மா இருக்கவில்லை, சுரண்டிவிட்டாள்.

விற்றார்கள். செவ்வாய்க்கிழமை மற்ற பெட்டிகளெல்லாம் தீர்ந்திருந்த வேளையில் ரமீஜா வந்தார். மின்வாரிய அலுவலகத்தில் நாள் முழுக்க ஊரார் புகாரைக் கேட்பது அவர் வேலை. தம்பியின் பிறந்தநாளுக்கு அந்தக் கப்பல் கேம்தான் வேண்டும் என்றார். மேலாளர் குருபரன் பார்வைப் பெட்டியை எடுத்தார். செலின் திங்கட்கிழமை திருப்பிக் கொண்டுவந்து வைத்த டிஸ்க்கையும் சீட்டையும் சரிபார்க்காமலே உள்ளே வைத்து மூடி, ஓரத்தில் 'புதியது' என்று ஒரு வட்ட ஸ்டிக்கரை ஒட்டினார். அப்படி விற்பதும் தலைமை அலுவலகத்தின் உத்தரவுதான்.

"உறையைக் காணோமே, புதுசுதானே சார்?" என்று கேட்டார் ரமீஜா.

"பார்வைக்கு வைக்க உறையை மட்டும் எடுத்தோம் மேடம். யாரும் தொட்டதுகூடக் கிடையாது."

ரமீஜா செலினைப் பார்த்தார். செலின் ஒரு சிரிப்பைச் சிரித்துவைத்தாள்; பில்லைக் கிழித்துக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை பெட்டி திரும்பி வந்தது. தம்பிக்கு அதே கேமை நண்பர்கள் வாங்கிக் கொடுத்துவிட்டார்களாம். ஸ்டிக்கர் கிழியாமல் இருந்தது. குருபரன் பலகையைக் காட்டினார்.

"உறை இல்லாம எப்படி மேடம் எடுக்கிறது?"

"உறையைப் பிரிச்சது நீங்க. பிரிச்சா பழசுன்னா, நீங்க எனக்கு வித்ததே பழசு. பிரிச்சாலும் புதுசுன்னா, நான் கொண்டுவந்ததும் புதுசு. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க."

குருபரனும் லேசுப்பட்டவர் அல்ல. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "இந்த ஸ்டிக்கர் எந்த ஃபேன்சி ஸ்டோர்லயும் கிடைக்கும் மேடம். ஆடி முடிச்சுட்டு வேற ஒட்டலைன்னு நான் எப்படி நம்புறது? உள்ளே ஒரு சீட்டு இருக்கும். அது சுரண்டாம இருந்தா முழுப் பணமும் தர்றேன்."

மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? "தாராளமாப் பாருங்க" என்றார் ரமீஜா.

குருபரன் ஸ்டிக்கரைக் கிழித்தார். சீட்டை எடுத்தார். வெள்ளிப் பூச்சு இல்லை.

"இது என்ன மேடம்?"

வரிசையில் நின்ற ஒருவர், "இப்படித்தான் ஆடிட்டுக் கொண்டாந்துடுறாங்க" என்று காதுபடவே சொன்னார். ஊரார் புகாரைக் கேட்டே பழகியவர், தன் மேல் புகார் வந்ததும் அந்தச் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்க்கவே பாவமாக இருந்தது. செலின் வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால் ஒரு குற்றமும் அறியாத பெண் பொய்க்காரி என்ற பட்டத்தோடு படியிறங்குவார்.

"ஏம்மா, அன்னைக்கு நீயும் இருந்தியே?" என்று ரமீஜா அவள் பக்கம் திரும்பினார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். உத்தரவுப்படி பிரித்து, உத்தரவுப்படியே புதுசென்று விற்றவர் குருபரன். அனுமதியோடு எடுத்துப்போய், கேட்காமல் சுரண்டியவள் செலின். உறை இல்லை என்று கண்ணால் பார்த்தும் வாங்கியவர் ரமீஜா. இதில் தப்பு யாருடையது? அது எந்த நொடியில் பிறந்தது?

விடை: ரமீஜா வாயைத் திறந்து கேட்டார், சொன்னதை நம்பினார், அவர் மேல் தப்பில்லை. செலின் சுரண்டியபோது பலகையின்படியே அது பழைய சரக்கு. அதுவரை யாருக்கும் நஷ்டமில்லை. தப்பு பிறந்தது 'புதியது' என்று ஸ்டிக்கர் ஒட்டிய நொடியில். அங்கே பொய் சொன்ன வாய் ஒன்று, சிரித்துவைத்த வாய் ஒன்று, ஆளுக்குப் பாதி. செலின் தன் பாதியை அத்தனை பேர் முன்னாலும் ஒப்புக்கொண்டாள்: "நான்தான் சார் சுரண்டினேன். நாங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போற டிஸ்க் இதுன்னு உங்களுக்கும் தெரியும்." ரமீஜாவுக்கு முழுப் பணமும் கிடைத்தது. செலினுக்கு அடுத்த மாதம் நிரந்தரக் கடிதம் வரவில்லை. பயிற்சிக் காலத்தை இன்னும் மூன்று மாதம் நீட்டிய கடிதம்தான் வந்தது. அதில் காரணம் எழுத வேண்டிய இடத்தைக் குருபரன் வெறுமையாக விட்டிருந்தார். உண்மைக் காரணத்தை எழுதினால், தலைமை அலுவலகத்தின் உத்தரவையும் சேர்த்தல்லவா எழுத வேண்டும்?