ஒற்றைச் செருப்புக் கடை

செங்கழனி நாட்டு ராஜா உக்கிரபூபதிக்கு இரண்டு விஷயங்களில் அபாரப் பிரியம். ஒன்று சண்டை, இன்னொன்று சகுனம். பூனை குறுக்கே போனால் சண்டையைத் தள்ளி வைப்பார். போகாவிட்டால் உடனே படையைக் கிளப்பிவிடுவார். அந்த நாட்டில் பூனைகள் கொஞ்சம் குறைச்சல்.

அதனால் வீரர்களில் நிறையப் பேருக்கு ஒரு கால் போய்விட்டது. தெற்குக் கோட்டைவாசலுக்கு வெளியே குடிசை போட்டுக்கொண்டு, கூடை முடைந்து பிழைத்தார்கள். கூடையை விற்கச் சந்தைக்குப் போகவேண்டும். வழியெல்லாம் சுடுமணல். செருப்பில்லாமல் ஓரடி வைக்க முடியாது.

கடைவீதியில் பெரிய செருப்பு மண்டி வைத்திருந்தவர் கனகசபாபதி. அவரிடம் போனால், "ஜோடியாகத்தான் தருவேன். விலையும் ஜோடிக்குத்தான். உனக்கு ஒரு கால் இல்லாததற்கு நானா பொறுப்பு?" என்பார். வேறு வழியில்லாமல் வாங்குவார்கள். மிச்சமாகும் செருப்பை என்ன செய்வது? ஒச்சப்பன் என்ற வீரன் அதை வைத்து அடுப்பு விசிறினான்.

செருப்புத் தைக்கிற இருளாயிக்கு இதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கோட்டைவாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்தாள்.

"ஒத்தைச் செருப்பு! எந்தக் கால் இருக்கோ அந்தக் காலுக்கு மட்டும்! பாதி விலை!"

வீரர்களின் குடிசைப் பேட்டையே தத்தித் தத்தி ஓடி வந்தது.

கனகசபாபதியும் ஓடினார், அரண்மனைக்கு.

"மகாராஜா! ஊர் முழுக்க ஒற்றைச் செருப்பு நடமாடுகிறது. அது எவ்வளவு பெரிய அபசகுனம் தெரியுமா?"

ராஜா சட்டென்று இரண்டு கால்களையும் தூக்கிச் சிம்மாசனத்தில் வைத்துக்கொண்டார். "ஐயையோ, தெரியாதே!"

"அதுவும் படை கிளம்பும்போது எதிரே வந்துவிட்டால்…"

"சொல்லாதே, சொல்லாதே!"

அன்றைக்கே தண்டோரா போட்டார்கள். செருப்பை ஜோடியாகத்தான் விற்க வேண்டும். மீறினால் கடை அகழியில் மிதக்கும்.

இருளாயி நேரே சோலையப்பர் வீட்டுக்குப் போனாள். சோலையப்பர் அரசவையில் இருந்தார். அங்கே அவருக்கு என்ன உத்தியோகம் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ராஜாவைச் சிரிக்க வைப்பார், சம்பளம் வாங்குவார்.

"என் பொழப்புப் போனாக்கூடப் பரவாயில்லை சாமி. அந்த மனுசங்க காலு வெந்துபோகுமே!" என்றாள்.

"ஜோடியாக விற்கத்தானே சொன்னார்? ஒரே ஆளுக்கு விற்கச் சொன்னாரா?" என்றார் சோலையப்பர்.

மறுநாள் காலை பேட்டையில் அவரே நின்று கூவினார். "வலது கால் உள்ளவரெல்லாம் இந்தப் பக்கம்! இடது கால் உள்ளவரெல்லாம் அந்தப் பக்கம்! ஜோடிப் பொருத்தம் பார்க்கப் போகிறேன்!"

வலது கால் ஒச்சப்பனுக்கு இடது கால் வெள்ளையன் அமைந்தான். ஒச்சப்பன் அவனை மேலும் கீழும் பார்த்தான்.

"இவன் குறட்டை விடுவானா சாமி?"

"செருப்பைத்தானப்பா சேர்ந்து வாங்கப் போகிறாய். பாயை இல்லை."

ஜோடி ஜோடியாக வந்தார்கள், ஜோடி ஜோடியாக வாங்கினார்கள். சட்டம் ஒன்றும் கெடவில்லை. கெட்டது கனகசபாபதியின் தூக்கம்தான். மறுபடி போய் ராஜாவின் காதைக் கடித்தார். மறுபடி தண்டோரா. ஒரு ஜோடிச் செருப்பை ஒரே ஆள்தான் வாங்க வேண்டும், இரண்டையும் அவரே அணிய வேண்டும். ஒன்றை மட்டும் அணிந்தால் கசையடி.

இந்தத் தடவை இருளாயி அழுதேவிட்டாள். கசையடிக்குப் பயந்து யாரும் வெளியே வரவில்லை. முடைந்த கூடையெல்லாம் குடிசையிலேயே கிடந்தது.

சோலையப்பர் மோவாயைத் தடவிக்கொண்டே யோசித்தார். தடவிய கை அப்படியே நின்றது.

"இருளாயி, எல்லாருக்கும் இன்னொரு செருப்பும் தைத்துக் கொடு. தோல் என் செலவு. வார் மட்டும் நீளமாக இருக்கட்டும். மோவாய் வரைக்கும் வரவேண்டும்."

"மோவாய்க்கா? செருப்பு வாரா?"

"தை தாயி."

பௌர்ணமி தர்பார் கூடியது. முன்வரிசையில் பட்டு உடுத்திக் கனகசபாபதி உட்கார்ந்திருந்தார். கதவு திறந்தது. டக், டக் என்று கோலூன்றிக்கொண்டு வீரர்கள் வந்தார்கள். ஒவ்வொருவர் காலிலும் ஒரு செருப்பு, தலையில் ஒரு செருப்பு. தலைச் செருப்பை மோவாய்க்குக் கீழே வாரால் முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

ராஜா துள்ளி எழுந்தார். "என்ன திமிர்! என் சபையில் தலையில் செருப்பா?"

"தங்கள் ஆணைதான் மகாராஜா," என்றார் சோலையப்பர். "இரண்டையும் ஒரே ஆள் அணிந்திருக்கிறார். எங்கே அணிய வேண்டும் என்று தாங்கள் சொல்லவில்லை."

"செருப்பைக் காலில்தானே ஐயா போடுவார்கள்!"

"ஒன்றைக் காலில்தான் போட்டிருக்கிறார்கள். இன்னொன்றுக்கு உரிய கால், தங்களுக்காகக் கீரிமேட்டுச் சண்டைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது. அது திரும்பி வரும்வரை செருப்பைப் பத்திரமாகத் தலையில் வைத்திருக்கிறார்கள்."

ராஜா ஒச்சப்பனை உற்றுப் பார்த்தார்.

"நீ கீரிமேட்டில் என் கொடியைப் பிடித்தவன் அல்லவா?"

"ஆமாம் மகாராஜா. கொடி முழுசா வந்து சேந்துச்சு."

அவன் வாயைத் திறந்து மூடும்போதெல்லாம் வார் இழுத்து, தலைமேலிருந்த செருப்பும் 'ஆமாம் ஆமாம்' என்று தலையாட்டியது. ராஜா உதட்டைக் கடித்துப் பார்த்தார், மேல்துண்டை வாயில் திணித்துப் பார்த்தார். முடியவில்லை. சிம்மாசனமே குலுங்கும்படி சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபோது, துடைத்தது சிரிப்பில் வந்த நீரை மட்டும்தானா என்று சொல்ல முடியாது.

"இரண்டு சட்டமும் ரத்து! இருளாயிக்குக் கடைவீதியிலேயே கடை. தோல் அரண்மனையிலிருந்து போகும். சோலையப்பருக்கு என் முத்து மாலை. இனி இந்த நாட்டில் ஒற்றைச் செருப்பு எதிரே வந்தால், அதுதான் நல்ல சகுனம்!"

வீரர்கள் சந்தோஷத்தில் வாரை அவிழ்த்துவிட்டு, அப்படியே குனிந்து ஒரு பெரிய கும்பிடு போட்டார்கள். செருப்புகள் பொலபொலவென்று கொட்டின. ஒன்று கனகசபாபதியின் தலைப்பாகையில் விழுந்தது. இன்னொன்று மடியில்.

"மகாராஜா! செருப்பால் அடிக்கிறார்கள்!" என்று அலறினார் அவர்.

சோலையப்பர் கிட்டே போய் இரண்டையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கோபப்படாதீர்கள் ஐயா. ஒன்று வலது, ஒன்று இடது. ஜோடியாகத்தான் கொடுத்திருக்கிறார்கள்."