ஈயமுனைத் தோட்டா

கூவைக்காட்டுமலையில் கொச்சப்பி ஆசானிடம் சுடப் படித்தவர்கள் நிறையப் பேர். அதில் பெண் ஒருத்திதான். இடுப்பில் இரண்டு வயதுப் பிள்ளையும் தோளில் புருஷனுடைய ரைபிளுமாக ஒரு காலையில் வந்து நின்றாள். பெயர் நேசபாய்.

ஆசானுக்கு முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. வலது கால் விந்தி விந்தித்தான் நடப்பார். நேசபாயின் புருஷன் எபனேசர் அவருக்குச் சேக்காளி, அண்ணன் மாதிரி. அதனால் அவளை மைனி என்றுதான் கூப்பிடுவார்.

"பிள்ளைய கீழ இறக்கி விடுங்க மைனி. ரெண்டையும் சேத்துப் பிடிச்சா ரெண்டுக்கும் ஆபத்து."

அவள் இறக்கிவிட்டாள். பிள்ளை அவள் சேலையைப் பிடித்துக்கொண்டது.

எபனேசர் வடக்கே பனிமலையில் ரோடு வெட்டுகிற வேலைக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் அவளும் பிள்ளையும் மாமனார் மாசிலாமணியும்தான். மழைக்கால மாசங்களுக்கு அவர்கள் வயிறு நம்பியிருந்தது வீட்டுக்குப் பின்னால் நின்ற மரச்சீனிக் கிழங்கை. அதை மிளா என்கிற பெரிய காட்டுமான்கள் வந்து தின்றுகொண்டிருந்தன. பயிர் காக்கச் சர்க்கார் கொடுத்த லைசன்சு மாமனார் பேரில் இருந்தது. ஆனால் அவருக்குக் கண்ணில் புரை விழுந்து, எதிரே நிற்பது மிளாவா மருமகளா என்று தெரியாது. அதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

எபனேசர் இனி வரமாட்டான் என்பது அந்த மலையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

தந்தி வந்து பதினேழு நாள் ஆகிறது. மண்சரிவு என்று இருந்தது. அங்கேயே அடக்கம் செய்துவிட்டதாகவும் இருந்தது. நேசபாய் அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு நேரே ஆசானிடம்தான் ஓடினாள். யாரிடமாவது சொல்லாமல் முடியவில்லை. சொல்லிவிட்டு, பிள்ளையின் தலையில் அவர் கையை வைத்துச் சத்தியம் வாங்கினாள்.

"மாமாவுக்கு நெஞ்சு சரியில்ல ஆசானே. கேட்டா அன்னிக்கே போயிடுவாரு. அதுக்கப்புறம் இந்தக் காட்டுல நானும் இந்தப் பிள்ளையும்தான்."

வீட்டுக்குப் போய், எபனேசருக்குக் காய்ச்சல் என்றாள். நாலு நாள் கழித்து, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்றாள். அப்புறம் காலில் அடி என்றாள். போன வாரம் காலை எடுத்துவிட்டார்கள் என்றாள். ஒவ்வொரு தடவையும் ஒரு பழைய கடிதத்தைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, அதில் இல்லாததை வாசித்தாள். மாசிலாமணி தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு கேட்பார். "திரும்ப ஒருக்கா வாசி மக்ளே," என்பார்.

அன்றைக்கு ஆசானிடம் அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"மிளாவுக்கு எந்தத் தோட்டா சரி ஆசானே?"

ஆசான் உள்ளே போய் இரண்டு தோட்டாக்களை எடுத்துவந்தார். ஒன்றின் முனை முழுக்கச் செம்பு, கூர்மையாக, ஊசி மாதிரி. இன்னொன்றின் மூக்கில் மட்டும் செம்பு இல்லாமல் ஈயம் மழுங்கலாகத் தெரிந்தது.

குலை வெட்டின வாழைத்தடி ஒன்று வேலியோரம் நின்றது. ஆசான் செம்பைப் போட்டுச் சுட்டார். அவளைக் கூட்டிப்போய்க் காட்டினார். முன்னால் ஒரு ஓட்டை, சுண்டுவிரல் கனம். பின்னாலும் அதே கனம்.

அடுத்தது ஈயத்தைப் போட்டுச் சுட்டார். முன்னால் அதே சுண்டுவிரல் ஓட்டைதான். பின்னால் ஒரு தேங்காய் போகிற அளவுக்குப் பிளந்து, நாரும் நீருமாகத் தொங்கியது.

நேசபாய் பிள்ளையின் முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்து மூடிக்கொண்டாள்.

"இது எதுக்கு ஆசானே, இவ்வளவு கோரம்?"

"மிளாவுக்கு ஈயம்."

"செம்பு போதாதா? ஓட்டை சின்னதுதானே."

"மிளாவுக்கு ஈயம் மைனி."

ஆசான் மறுபடி உள்ளே போனார். மூன்று ஈயமுனைத் தோட்டாக்களைத் துணியில் முடிந்து கொடுத்தார்.

ஒரு வாரம் தகர டப்பாவைச் சுட்டுப் பழகினாள். தோள் கன்றிப்போனது. "மைனி, டப்பா செத்து நாலு நாளாச்சு. இனி அத விடுங்க," என்றார் ஆசான்.

மறுநாள் விடியற்காலை இரண்டு பேரும் மரச்சீனித் தோட்டத்து ஓரம் பதுங்கி உட்கார்ந்தார்கள். அவள் துப்பாக்கியை வீட்டிலேயே நிறைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

ஆசான் கொடுத்த முடிச்சை அவள் அவிழ்க்கவில்லை. எபனேசரின் பிஸ்கட் டப்பாவில் செம்புத் தோட்டாக்கள் கிடந்தன. அதில் இரண்டை எடுத்துப் போட்டிருந்தாள். வாழைத்தடியின் பின்பக்கம் ராத்திரி முழுக்கக் கண்ணுக்குள்ளேயே நின்றதுதான் காரணம். கொல்லத்தான் வேண்டும் என்றால், வலிக்காமல் கொல்லலாமே என்று நினைத்தாள்.

பனி கலையும்போது ஒரு பெண் மிளா வந்தது. வேலியைத் தாண்டி, இரண்டு மரச்சீனிச் செடியை முறித்தது. நேசபாய் மூச்சைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு சுட்டாள்.

மிளா தலையைத் தூக்கியது. சத்தம் வந்த திக்கை ஒருதரம் பார்த்தது. திரும்பி, மூங்கில் மாதிரி அடர்ந்து நின்ற ஈற்றைக்காட்டுக்குள் நடந்து போயிற்று.

"தப்பிட்டு," என்றாள். அவளுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதியாகக்கூட இருந்தது.

ஆசான் விந்தியபடி அது நின்ற இடத்துக்குப் போய்க் குனிந்தார். ஒரு மரச்சீனி இலையைக் கிள்ளிக்கொண்டு வந்து அவள் உள்ளங்கையில் வைத்தார். இலை நடுவில் ஒரு சொட்டு.

"தப்பல."

துப்பாக்கியை வாங்கி, மிச்சம் இருந்த தோட்டாவை வெளியே எடுத்தார். செம்பு. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

முற்றத்திலிருந்து மாசிலாமணி குரல் கொடுத்தார். "நேசம், விழுந்துதா?"

"இல்ல மாமா. பட்டிருக்கு. போயிட்டு."

அந்த மலையில் ஒரு முறை உண்டு. அடித்த மிருகத்தைக் கண்ணால் காணாமல் அடித்தவர் வீட்டுப்படி ஏறக்கூடாது. பச்சைத் தண்ணீர் தவிர வேறெதுவும் வாயில் வைக்கக்கூடாது. கிழவருக்கு அது தெரியும்.

"அப்ப போ. கண்டுட்டு வா. பிள்ளைய நான் பாத்துக்கிடுகேன்." கொஞ்சம் நிறுத்தி, "எம்மவன் முத வேட்டைல கோயில் மாட்டைச் சுட்டான். நீ மிளாவையாவது சுட்டிருக்க. ஒத்தக் காலோட வந்தாலும் வரட்டும், அவனைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கணும்," என்றார்.

நேசபாய் ஈற்றைக்காட்டுக்குள் நுழைந்தாள்.

முதல் அரை மணி நேரத்தில் நாலைந்து சொட்டுத்தான். அப்புறம் ஒரு இடத்தில் புல் வட்டமாகப் படிந்து கிடந்தது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம், மேலே நுரை.

"இங்க படுத்திருக்கு," என்றார் ஆசான். "நம்ம சத்தம் கேட்டு எந்திரிச்சுப் போயிருக்கு."

அங்கிருந்து ஏற்றம். ஒரு பாறையடியில் மறுபடியும் படுத்திருந்தது. ஓடைக்கரையில் மறுபடியும். அங்கே தண்ணீர் குடித்திருக்கிறது. முன்னங்காலை மடக்கிக் குனிந்த தடம் சேற்றில் அப்படியே இருந்தது.

நாலாவது இடத்தில் நேசபாய் உட்கார்ந்துவிட்டாள். வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

"இவ்வளவு தூரம் எப்பிடி ஆசானே நடக்குது?"

"ஓட்டை சின்னது."

அவர் குத்திச் சொல்லவில்லை. வழி கேட்டவருக்கு வழி சொல்கிற மாதிரிதான் சொன்னார். அவளுக்கு அழுகை வந்தது.

"பாவம்னு நெனைச்சுத்தான் அதப் போட்டேன்."

"தெரியும்."

"ஏசுங்க ஆசானே. நாலு வார்த்தை ஏசிட்டீங்கன்னா எனக்குக் கொஞ்சம் ஆறும்."

"அதுக்கு ஆறுமா?"

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஆசான் காலை நீட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"நானும் முதல்ல செம்புதான் போட்டேன் மைனி. ஒரு கொம்பன் மிளா. மூணு நாள் அது பின்னால நடந்தேன்."

"கெடைச்சுதா?"

"இல்ல. மூணாவது நாள் பாறைல இருந்து விழுந்தேன். எபனேசர்தான் தூக்கிட்டு வந்தான். காலு அன்னிக்குப் போனது."

"மிளா?"

"அது எங்க கெடந்து, எத்தனை நாள் கெடந்துன்னு எனக்குத் தெரியாது." எழுந்தார். "வாங்க. வெயில் சாயுததுக்குள்ள பாப்போம்."

கண்டபோது அது ஒரு வறண்ட ஓடைக்குள் இருந்தது. தொழுவத்தில் கிடக்கிற கன்றுக்குட்டி மாதிரி நாலு காலையும் மடித்து, தலையை நேராக வைத்துக்கொண்டிருந்தது. அவர்கள் வருவது கேட்டுக் காதுகள் திரும்பின. எழுந்திருக்கப் பார்த்தது. முன்னங்கால் ஊன்றியது, பின்னங்கால் வரவில்லை. மறுபடியும் பார்த்தது.

நேசபாய் துப்பாக்கியை ஆசானிடம் நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை.

"என்னால முடியாது ஆசானே."

"சரி."

அவர் அப்படியே நின்றார். அவளும் நின்றாள். மிளா மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே ஏதோ கொப்பளித்தது. காகம் ஒன்று வந்து பக்கத்துப் பாறையில் உட்கார்ந்தது.

"எவ்வளவு நேரம் இப்பிடி இருக்கும்?"

"இருட்டுறவரைக்கும் இருக்கும். நாளைக்கும் இருக்கலாம்."

அவள் கையை நீட்டினாள். ஆசான் ஒரு ஈயமுனைத் தோட்டாவை எடுத்து வைத்தார். அவளே போட்டாள். பக்கத்தில், ரொம்பப் பக்கத்தில் போய் நின்றாள். மிளாவின் கண்ணில் தன் சேலையின் நிறம் தெரிந்தது. இந்தத் தடவை கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

சத்தம் மலையெல்லாம் போய்த் திரும்பி வந்தது. அது திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

ஆசான் தழை வெட்டி மூடினார். இறைச்சிக்கு ஆள் அனுப்பவேண்டும் என்றார். அவள் தலையாட்டினாள். திரும்பும்போது, மிளா தண்ணீர் குடித்திருந்த ஓடையில் கை கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.

இறங்குகிற வழியில் ஒரு வளைவு உண்டு. அங்கே நின்றால் கீழே பஸ் நிற்கிற முக்கு தெரியும். சாயங்கால பஸ்ஸில்தான் தபால் பை வரும்.

மாசிலாமணி மைல்கல்லில் உட்கார்ந்திருந்தார். துவைத்த வெள்ளைச் சட்டை. மடியில் பிள்ளை. ரோட்டில் எந்தச் சத்தம் கேட்டாலும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நிற்பார். லாரி போகும். உட்காருவார். கொஞ்ச நேரத்தில் ஒரு மாட்டு வண்டி. மறுபடியும் எழுந்தார். கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது அவருக்கே தெரியும். ஆனாலும் பார்த்தார்.

நேசபாய் அந்த வளைவிலேயே நின்றுவிட்டாள்.

"காலு எடுத்ததுல இருந்து தினமும் இங்க வாறாரு," என்றாள். "வேண்டாம்னா கேக்க மாட்டேங்காரு. ராத்திரி உறங்குறதும் இல்ல. எந்திரிச்சு எந்திரிச்சு உக்காருதாரு. என்ன மாமான்னா, ஒண்ணும் இல்ல மக்ளே, நீ உறங்குங்காரு."

நேசபாய் ரைபிளைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

"இன்னிக்கு என்ன வாசிக்கணும்னு யோசிச்சுட்டே வந்தேன். கட்டைக்கால் வைக்கப்போறாங்கன்னு சொல்லலாம்னு இருந்தேன். அதச் சொன்னா ஒரு பத்து நாள் தாங்கும்."

கீழே பஸ் வந்து நின்றது. கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, இல்லை என்று கையை ஆட்டினான். கிழவருக்கு அது தெரியவில்லை. பஸ் புறப்பட்டுப் புகை அடங்குகிறவரைக்கும் ஒரு கையை முன்னால் நீட்டிக்கொண்டே நின்றார். அப்புறம் மைல்கல்லைத் தடவிப் பார்த்து, மெதுவாக, பாதி உட்கார்ந்து, நடுவில் ஒருதரம் நின்று, முழுசாக உட்கார்ந்தார்.

"சொன்னா செத்துப்போவாரு ஆசானே," என்றாள் நேசபாய்.

ஆசான் அவளைப் பார்க்கவில்லை. கீழேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப மட்டும் என்ன செய்துட்டிருக்காருன்னு நெனைக்கீங்க மைனி?"