உள்தாழ்ப்பாள்

“இதை இவ யார்கிட்ட கத்துக்கிட்டா, தாயே?”

மடத்துத் தாயார் பூத்தொடுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“எதை?”

“ஒளியறதை.”

பூங்கோதை தன் மகளைப் பார்த்தாள். ஒன்பது வயதுச் செண்பகம் தூணோடு தூணாக ஒட்டி நின்றாள். பால்குடி மறந்த நாள்முதல் அவளுக்கு இழுப்பு.

“போன வாரம் வகுப்புல இழுப்பு வந்திருக்கு. இன்ஹேலர் பையிலதான் இருந்திருக்கு. அங்கேயே எடுத்து உறிஞ்சியிருந்தா ஆச்சு. கழிப்பறைக்கு ஓடி, உள்தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா. ஓடின ஓட்டத்துல மூச்சு முட்டி, மருந்தை எடுக்கறதுக்குள்ள விழுந்துட்டா. கதவை உடைச்சுத்தான் தூக்கினாங்க.”

“உடைச்சது யாரு?”

“வாட்ச்மேன்.”

“நல்ல தோள்.”

“சிரிக்காதீங்க, தாயே. அவர் டீ குடிக்கப் போயிருந்தா?”

தாயாரின் விரல்கள் நாரோடு நின்றன.

“பிள்ளைங்க ஏதாவது சொல்லுதுங்களா?”

“‘விசிலு’ன்னு கூப்பிடுதுங்க. பட்டப்பேர் இல்லாத பள்ளிக்கூடம் எங்க இருக்கு? அதுக்காக ஒளியணுமா? இவ என்ன, திருடிட்டா வந்தா?”

“நல்ல கேள்வி” என்றார் தாயார். மீண்டும் தொடுக்கலானார்.

மாலைப் பூசைக்கு அன்பர்கள் வந்து அமர்ந்தனர். எவரோ தூபக்காலை ஏந்தி வந்தார். சாம்பிராணிப் புகை கூடமெங்கும் பரவியது.

செண்பகத்தின் நெஞ்சு கூவத் தொடங்கியது. நாலைந்து தலைகள் திரும்பின.

பூங்கோதை யோசிக்கவில்லை. அவள் கைகளுக்கு அது பல்லாண்டுப் பழக்கம். எழுந்தாள்; கூட்டத்துக்கும் மகளுக்கும் நடுவே நின்றாள்; முந்தானையை இரு கைகளாலும் விரித்துத் திரையாகப் பிடித்தாள்.

“சீக்கிரம்டி. யாரும் பாக்கறதுக்குள்ள.”

திரைக்குப் பின்னால் மருந்து சீறியது. சற்றுப் பொறுத்து, மீண்டும் சீறியது.

“தூபத்தை வெளியே கொண்டு போங்க” என்றார் தாயார். புகை கலையும்வரை காத்திருந்தார்.

“பூங்கோதை.”

“தாயே.”

“கையை இறக்காதே. அப்படியே நில்லு.”

நின்றாள்.

“வந்ததும் என்கிட்ட ஒண்ணு கேட்டியே. அதை இப்பக் கேளு.”

“இதை இவ யார்கிட்ட…” என்று தொடங்கினாள் பூங்கோதை.

தான் விரித்துப் பிடித்திருந்த முந்தானையைப் பார்த்தாள்.

அதன் பின்னாலிருந்து, இன்னும் சீராகாத மூச்சோடு, ஒரு குரல் வந்தது.

“அம்மா… யாராச்சும் பாத்துட்டாங்களா?”