நானூறாம் நம்பர் தாள்

குழந்தைவேலு கரூரில் இருபத்தாறு வருடம் பஸ்களுக்குப் பெயின்ட் அடித்தவர். பட்டறையில் ஆர்டர் நின்று போனபோது, நாற்பத்தெட்டு வயதில், மெஹருன்னிசாவிடம் மர பாலிஷ் வேலை கற்க வந்து சேர்ந்தார். மெஹருன்னிசாவுக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. இருந்தாலும் அவர் மேஸ்திரியம்மா என்றுதான் கூப்பிட்டார். அவள் அவரை அண்ணா என்றாள்.

இயந்திரங்கள் வந்திறங்கும் பெட்டிகளின் பைன் பலகைகளை வாங்கி, தச்சர் பொன்னுரங்கம் மேசையாக்குவார். சாயமும் பாலிஷும் மெஹருன்னிசாவின் பொறுப்பு. அந்த வாரம் ஒரு சிறுவர் நூலகத்துக்கு ஐந்து மேசைகள். அதில் ஒன்றை, முதல் முறையாக, குழந்தைவேலுவிடம் தனியாகக் கொடுத்தாள்.

அன்று காலைதான் பழைய பட்டறை முதலாளி போன் செய்திருந்தார். மறுபடியும் பஸ்கள் வரத் தொடங்கிவிட்டன. வெள்ளிக்கிழமைக்குள் வருகிறாயா இல்லையா என்று சொல்லிவிடு, இல்லையென்றால் வேறு ஆள் போட்டுக்கொள்கிறேன் என்றார். குழந்தைவேலுவுக்கு இந்த இடம் பிடித்திருந்தது. பைன் மரத்தின் பிசின் வாசனை பிடித்திருந்தது. கை மட்டும் இந்த வேலைக்குத் திரும்பவில்லையோ என்ற பயம் இருந்தது. இந்த மேசை நன்றாக வந்தால் இருப்பது, இல்லாவிட்டால் போய்விடுவது என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டார்.

அதனால் நாள் முழுக்க உழைத்தார். ஆணி பிடுங்கிய ஓட்டை ஒவ்வொன்றையும் அடைத்துப் பட்டி பார்த்தார். உப்புத்தாளில் நூற்றிருபதாம் நம்பர் போட்டுத் தேய்த்தார், பிறகு இருநூற்றிருபது, கடைசியில் எல்லாவற்றிலும் நைசான நானூறு. விரலை வைத்தால் வழுக்கியது.

மறுநாள் காலை சாயம் பூசித் துடைத்தார். சாயம் துணியோடு வந்துவிட்டது. மேசை வெளிறிக் கிடந்தது. பட்டி பார்த்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி.

பொன்னுரங்கம் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

“நல்ல பளபளப்புங்கண்ணா. பக்கவாட்டுல ஊர் பேரை எழுதிட்டா, பஸ் ஸ்டாண்டுக்கே ஓட்டிட்டுப் போயிடலாம்.”

குழந்தைவேலு சிரிக்கவில்லை. மெஹருன்னிசாவிடம் போய் நின்றார்.

“மேஸ்திரியம்மா, இந்தக் கைக்கு இது வருமுங்களா?”

அவள் ஒரு தகரத் துண்டையும் ஒரு பைன் துண்டையும் அவர் முன்னால் வைத்தாள். இரண்டின் மேலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். தகரத்தில் சொட்டு உருண்டு நின்றது. மரத்தில் கொஞ்ச நேரத்தில் ஈரத் தடம் மட்டும் இருந்தது.

“எங்கே போச்சுங்கண்ணா?”

“மரம் குடிச்சிடுச்சு.”

“உங்க மேசை ஏன் குடிக்கல?”

அவர் மேசையைத் தடவிப் பார்த்தார். “வாயை அடைச்சுட்டனுங்க.”

அவருடைய பட்டி டப்பா, நானூறாம் நம்பர் தாள், பட்டறையிலிருந்து கொண்டுவந்த ஸ்பிரே கன் மூன்றையும் சுவரின் மேல் பலகையில் வைக்கச் சொன்னாள். தூக்கிப் போட்டுவிடட்டுமா என்று அவர் கேட்டார். வைக்கத்தான் சொன்னேன் என்றாள்.

பட்டியைச் சுரண்டி எடுத்து, நூற்றிருபதாம் தாளில் மேசையை மறுபடி தேய்த்தார். நூற்றெண்பது வந்ததும் அவள் போதும் என்றாள்.

“இன்னும் சொரசொரன்னு இருக்குதுங்களே.”

“இருக்கட்டுமுங்க.”

அவர் கை மேல் பலகையை நோக்கி ஒரு தடவை போய்த் திரும்பியது.

அரக்கை ஸ்பிரிட்டில் தண்ணீர்போலக் கரைத்து முதலில் ஒரு பூச்சு பூசச் சொன்னாள். அது இல்லாவிட்டால் பைன் ஒரு இடத்தில் அதிகமாகவும் ஒரு இடத்தில் குறைவாகவும் குடித்துத் திட்டுத்திட்டாகிவிடும். அது காய்ந்த பிறகு சாயம். இந்த முறை சாயம் உள்ளே இறங்கியது. மேசை கருப்பட்டிக் காப்பி நிறத்துக்கு வந்தது. மரத்தில் வெளிறியிருந்த இடங்கள் கறுத்து, ரேகைகள் மேலெழுந்து தெரிந்தன. மரத்துக்குள் இவ்வளவு இருந்ததா என்று குழந்தைவேலு குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஆணி ஓட்டைகள் மட்டும் அப்படியே இருந்தன.

வியாழக்கிழமை சாயத்தை மூடிக் காக்கும் சீலர் அடித்துக் காய்ந்ததும், மெஹருன்னிசா மேல் பலகையிலிருந்து பட்டி டப்பாவை எடுத்தாள். அதில் கொஞ்சம் சாயத்தைக் குழைத்து அவரிடம் நீட்டினாள்.

அவர் ஓட்டைகளை அடைத்தார். எந்த இடத்தில் அடைத்தோம் என்று அவருக்கே கொஞ்ச நேரத்தில் தெரியவில்லை.

அடுத்து நானூறாம் நம்பர் தாள் இறங்கியது.

“மரம் குடிச்சு முடிச்சிடுச்சுங்க. இப்பத் தேய்ங்க. வழுக்கற வரைக்கும்.”

வெள்ளிக்கிழமை கடைசிப் பூச்சு பாலிஷ். வெயிலும் மழையும் படாமல் உள்ளே இருக்கப்போகும் பொருள், மெல்லிசாக அடித்தால் போதும் என்றாள். பிறகு ஒன்று சொன்னாள். அவள் பிரஷ்ஷில் அடித்தால் கடைசிப் பூச்சில் கோடு விழும். வாங்குகிறவர்கள் யாரும் கவனிப்பதில்லை. அவள் கண்ணுக்குத் தெரியும். பத்து வருடமாகத் தெரியும்.

ஸ்பிரே கன்னை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

குழந்தைவேலு மேசையின் ஒரு ஓரத்தில் ஆரம்பித்தார். கை தானாகப் போனது. பாதியில் சட்டைப்பையில் போன் அடித்தது. நடுவில் நிறுத்தினால் அந்த இடம் தடித்துவிடும். போன் அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. அவர் கடைசி ஓரம் வரை போய்த்தான் நிறுத்தினார்.

பொன்னுரங்கம் வந்து தலையைச் சாய்த்து மேசையின் மேல் வெளிச்சத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, மற்ற நாலு மேசையையும் தூக்கிக்கொண்டு வரட்டுமா என்று மட்டும் கேட்டார்.

குழந்தைவேலு வெளியே போய்ப் பழைய முதலாளியைக் கூப்பிட்டார். வேறு ஆள் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். 

“இருபத்தாறு வருசப் பழக்கத்தை மறந்தாத்தான் இது வரும்னு நினைச்சிட்டிருந்தனுங்க, மேஸ்திரியம்மா.”

அவள் அடுத்த மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“அதை எதுக்குங்கண்ணா மறக்கணும்? அது தன் முறை வர்றதுக்கு முன்னாடியே வந்து நின்னுடுச்சு. அவ்வளவுதான்.”