வெள்ளிக்கிழமை வாளி

தரைப்பலகை விற்கும் கடையைப் பெருக்கித் துடைக்கிறவள் அம்சவேணி. வேலை முடிந்ததும் தேக்கு நிற லேமினேட் பலகை மேல் வெறுங்காலோடு ஒரு நிமிஷம் நிற்பாள். அவள் வீட்டில் வெறும் சிமெண்ட் தரை. மழை வந்தால் கணுக்கால் வரை தண்ணீர் ஏறும்.

அன்று புது வீட்டுக்குத் தரை பார்க்க வந்தார் புனிதவதி டீச்சர். “லேமினேட்டா, வினைலா? எங்க வீட்டுல வெள்ளிக்கிழமையானா தண்ணி ஊத்தித்தான் கழுவுவோம்” என்றார்.

முதலாளி கஜேந்திரன் மார்தட்டினார். “வினைல் வெறும் பிளாஸ்டிக்கும்மா. விலை கூடின லேமினேட்டைப் போடுங்க. வெள்ளமே வந்தாலும் அசையாது!”

லேமினேட்டை மட்டும் நன்றாகப் பிழிந்த துணியால் துடைக்கச் சொல்லி அம்சவேணியைத் தினமும் விரட்டுகிறவர் அவர்தான். அவள் வாய் திறக்கப் போனாள். “உன் வேலையைப் பாரு!” என்று அதட்டினார்.

“சரிங்க முதலாளி.” போனவள் வாளி நிறையத் தண்ணீரோடு வந்து லேமினேட் மேல் சாய்த்துப் பிடித்தாள். “இன்னிக்கு வெள்ளிக்கிழமைதானே, கழுவி விட்டுடறேன்.”

“ஐயோ, ஊத்தாதே! இடுக்குல இறங்கினா உப்பிப் போயிடும்!”

அலறிய பிறகுதான் டீச்சர் பக்கத்தில் நிற்பது அவருக்கு உறைத்தது. அம்சவேணி வாளியைப் பக்கத்தில் விரித்திருந்த வினைல் மேல் கவிழ்த்தாள். துடைத்ததும் அது பழையபடி பளபளத்தது.

வினைலையே எடுத்த டீச்சர், “உனக்கும் இதுதான் பிடிக்குமா?” என்று கேட்டார்.

அம்சவேணி லேமினேட்டைப் பாதத்தால் தடவினாள். “எனக்கு இதுமேலதாம்மா உசுரு. அதுக்கு மழைத்தண்ணி வராத வீடு வேணுமே.”