வேர் பிடித்த திருட்டு

பாளையங்கோட்டையில் இசக்கியம்மாள் என்று ஒரு குரு இருந்தார். ஆசிரமம் கிடையாது, மொட்டை மாடி உண்டு. பகலில் தபால் ஆபீஸில் முத்திரை குத்துவார், சாயங்காலம் மாடியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். குரு என்று அவர் தன்னைச் சொல்லிக்கொண்டதே இல்லை. மாடித்தோட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அப்படிக் கூப்பிட, பேர் ஒட்டிக்கொண்டது.

சீடர் கோமதிநாயகம் குருவைவிட இருபது வயது மூத்தவர். பத்திரப்பதிவு ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு சாட்சி இல்லாமல் எதையும் நம்ப மாட்டார். ஓய்வு பெற்ற மறுவாரமே மாடி நிறையச் செடிப் பைகளை அடுக்கி, மட்கு உரம் போட ஒரு நீல டிரம்மும் வாங்கி வைத்துவிட்டார். டிரம் நாறியது. பைகளில் நாறுவதற்குக்கூட ஒன்றும் முளைக்கவில்லை.

ஆடி மாதம் ஒரு சாயங்காலம் அவர் மூச்சு வாங்கக் குருவின் மாடிக்கு ஏறி வந்தார். கையில் காய்ந்துபோன கறிவேப்பிலைக் கன்று.

"குருவே, இதுவும் போச்சு."

"அண்ணாச்சி, இது நான் குடுத்த மூணாவது கன்னுல்லா?"

"ஆமா."

"என்ன செஞ்சிய?"

"குழுவுல சொன்னதெல்லாம் செஞ்சேன். புளிச்ச மோர் ஊத்தச் சொன்னாங்க, ஊத்தினேன். அரிசி கழுவின தண்ணி, மீன் கழுவின தண்ணி, முட்டை ஓடு, டீத்தூள், ஒண்ணு விடல. எதிர்வீட்டு மரியதாஸ் வெயில்ல வைன்னான். அவன் சம்சாரம் நிழல்ல வைங்கன்னுச்சு."

"நீங்க எங்க வச்சிய?"

"யார் மனசும் நோகக்கூடாதுன்னு காலையில வெயில்லயும் மத்தியானம் நிழல்லயும் தூக்கித் தூக்கி வச்சேன். இடுப்புப் பிடிச்சுக்கிட்டதுதான் மிச்சம்."

குரு முகத்தைத் திருப்பிக்கொண்டு தக்காளிச் செடிக்குக் குச்சி கட்டினார்.

"சிரிக்காதிய குருவே. வீட்டுக்காரி சண்முகவடிவு கெடு வச்சுட்டா. பொங்கல் சாம்பாருக்கு நம்ம மாடியில இருந்து ஒரு கொத்து கறிவேப்பிலை வரணுமாம். வரலேன்னா டிரம், பை எல்லாம் கீழே இறங்கிரணும். மாடி பூரா அவ வத்தல் காயப் போடப் போறா."

"பொங்கலுக்கு இன்னும் நாள் கெடக்கே."

"எனக்கு நாளா பிரச்சினை? மாடியும் போச்சுன்னா காலையில எந்திரிச்சு நான் எங்க போவேன்? ஆபீஸ்லயும் ஆள் தேடல, வீட்டுலயும் ஆள் தேடல. டிவி முன்னால உக்காந்தே செத்துருவேன்."

சொல்லும்போதே குரல் தழுதழுத்துவிட்டது. பெண்சாதிக்குப் பயந்து அழுகிறார் என்று ஊர் சொல்லும். சொன்னால் சொல்லட்டும், அந்த மனுஷனுக்கு வலித்தது உண்மை.

"இன்னொரு கன்னு குடுங்க குருவே. இந்தத் தடவை பஞ்சகவ்யமும் ஊத்திப் பாக்கேன்."

"குடுக்க மாட்டேன்."

கோமதிநாயகம் திகைத்துப் போனார். குரு கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"திருட்டுச் செடிதான் வேர் பிடிக்கும்னு சொல்லுவாங்க, கேட்டிருக்கியளா?"

"கேட்டிருக்கேன். அது சும்மா சொல்றதுல்லா?"

"அந்தப் பெரிய தொட்டியில தாய்ச்செடியைச் சுத்தி பக்கக்கன்னு கெளம்பி நிக்குது. நாளைக்கு மத்தியானம் வீட்டுல ஆள் இருக்காது."

"ஐயையோ! நானா? வேணும்னா நீங்க எடுத்துக்கிடச் சொன்னதா ஒரு வரி எழுதிக் குடுங்க."

"எழுதிக் குடுத்தா அது தானம் அண்ணாச்சி. திருட்டு ஆகாது."

மறுநாள் மத்தியானம் கோமதிநாயகம் மஞ்சள் பையோடு கிளம்பினார். அடுத்தவன் சொத்து அடுத்தவனுக்கு மாறுவதைக் காலமெல்லாம் பார்த்தவர், தன் கையால் ஒரு குண்டூசிகூட எடுத்ததில்லை. குருவின் மாடியில் கன்றை வேரோடு தோண்டிப் பைக்குள் திணித்தார். தொட்டி மண் பாதி தரையில் கொட்டியது. அள்ளிப் போடவும் பயம். அப்படியே விட்டுவிட்டு இறங்கி ஓடிவந்தார்.

தெருமுனையில் மரியதாஸ் நின்றார். விதி வேறு எங்கே நிற்கும்?

"என்ன அண்ணாச்சி, வேர்த்து விறுவிறுத்து வாறிய? பையில என்ன?"

"வெண்டைக்கா."

"வெண்டைக்கா கறிவேப்பிலை வாசம் அடிக்குதே?"

"இப்பல்லாம் எல்லாத்துலயும் கலப்படம்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடந்தார்.

கன்றை ஒரு செடிப் பையில் நட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து வைத்தார். அங்கே காலை வெயில் கொஞ்சம் விழும், பிறகு நிழல். அதை அவர் யோசித்து வைக்கவில்லை. ஒளித்து வைத்தார், அவ்வளவுதான்.

பத்து நாளில் கன்று இலையைக் கொட்டியது. பழக்க தோஷத்தில் போனை எடுத்துப் படம் பிடித்து, "இலை உதிருது, என்ன செய்யலாம்?" என்று குழுவில் எழுதியும் விட்டார். அனுப்பப் போன விரல் அந்தரத்தில் நின்றது. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்பார்கள். மரியதாஸ் வெண்டைக்காயை ஞாபகம் வைத்திருப்பார். குருவும் அதே குழுவில் இருக்கிறார். எழுதியதை அழித்தார்.

மகனுக்குக் காய்ச்சல், டாக்டரிடம் கூட்டிப் போக முடியாது என்றால் தகப்பன் என்ன செய்வான்? பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். கோமதிநாயகமும் உட்கார்ந்தார். வேறு வழியில்லாமல் முதல் தடவையாக மண்ணைத் தொட்டுப் பார்த்தார். ஈரம் இருந்தது. அன்றைக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. இன்னொரு நாள் தொட்டார், காய்ந்திருந்தது. ஒரு சொம்பு ஊற்றினார். மோரைத் தாமே குடித்தார்.

மனது முழுக்கத் திருட்டிலேயே இருந்ததால் டிரம்மைத் திறந்து கிளறுவதும் நின்றுபோனது. அதற்கும் குழுவில் ஆளுக்கொன்று சொல்லி, வெல்லமும் தயிரும் போட்டுத் தினமும் கிளறிக்கொண்டிருந்தவர்தான். ஐப்பசி மழை வந்தது, கார்த்திகை மழையும் வந்தது. மழை விட்டு ஒரு நாள் மூடியைத் திறந்தால் நாற்றத்தைக் காணோம். புது மண் வாசம் அடித்தது. ஒரு கை அள்ளிக் கன்றுக்குப் போட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

போகி அன்று காலையில் சண்முகவடிவு மாடிக்கு வந்தாள். அக்குளில் வற்றல் பாய்.

"எங்க உங்க கறிவேப்பிலை? காட்டுங்க பாப்போம்."

கோமதிநாயகம் டிரம் மூடியைத் துடைக்க ஆரம்பித்தார். காட்டினால் திருட்டு வெளியே வரும், காட்டாவிட்டால் மாடி போகும். அவள் பாய் விரிக்க வெயில் பார்த்துக்கொண்டே தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வந்து அப்படியே நின்றுவிட்டாள். இடுப்பளவுக்குக் கறிவேப்பிலை, மினுமினுவென்று.

ஒரு கொத்து ஒடித்து முகர்ந்தாள்.

"இது எப்ப வச்சிய?"

"ஆடியில."

"ஒரு வார்த்தை சொல்லலியே! ஊரு பூரா படம் போட்டுக் காட்டுவியளே?"

சண்முகவடிவு பாயை மறுபடி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். "சரி, அந்தத் தெக்கு மூலையை மட்டும் வத்தலுக்கு விடுங்க" என்று சொல்லிவிட்டுக் கொத்தோடு இறங்கிப் போனாள். கோமதிநாயகம் தரையில் உட்கார்ந்து வேட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மாட்டுப்பொங்கல் அன்று குருவின் மாடிக்குப் போனார். கையில் ஒரு கொத்து கறிவேப்பிலை.

"குருவே, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"தெரியும். மாடி பூரா மண்ணைக் கொட்டிட்டுப் போயிருந்திய. நான்தான் கூட்டி அள்ளினேன்."

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க கையால குடுத்தது மூணும் செத்துச்சு. திருடினது பிழைச்சிருக்கு. திருட்டுல அப்படி என்ன இருக்கு?"

இசக்கியம்மாள் கறிவேப்பிலையை முகர்ந்து பார்த்தார்.

"அது இலை கொட்டினப்போ யார்கிட்ட யோசனை கேட்டிய?"

"யார்கிட்ட கேக்க? திருட்டுச் செடியாச்சே..."

அவர் பேச்சு பாதியில் நின்றது. குருவின் தொட்டி மண்ணை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

சட்டைப் பையில் போன் சிணுங்கியது. குழுவில் மரியதாஸ், தன் வீட்டுக் கறிவேப்பிலைக் கன்றைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். இலை எல்லாம் வெளுத்துத் தொங்கியது. "வாடுது. என்ன செய்யலாம்?" என்று கேட்டிருந்தார். அதற்குள் ஒருத்தர் மோர் என்றார், ஒருத்தர் மோரே கூடாது என்றார். மீன் கழுவின தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

கோமதிநாயகத்தின் கட்டைவிரல் துடித்தது. போனைக் குருவிடம் நீட்டினார்.

"பாவம் குருவே, நல்ல மனுஷன். அவனுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

குரு படத்தைப் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"நாளைக்கு மத்தியானம் உங்க வீட்டுல ஆள் இருக்காதுன்னு சொல்லுங்க."